மிசின் கொட்டிலில் ராசாத்தி

— ‘இது என்ன, கறி வைக்கவோ?’ அப்படித்தானே உங்க அம்மா என்னைக் கேட்டாங்க? கலியாணம் முடிச்சு இந்த வீட்டு வாசல்ல நான் டொபி மிட்டாய்ப் போத்தலும் கையுமா நின்ன அன்னைக்கு?

— ஓம், கேட்டவா. இப்ப என்னத்துக்கு உந்தப் பழைய கதை, சுதர்சினி? அம்மா வரமுதல் அந்தப் போத்தலை எடும். கெதியாய் எடும்.

— உங்க அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கடைசிக் கேள்வி அதுதாங்க. அதுக்குப் பிறகு எல்லாத்தையும் ஆட்டுக்கிட்டதான் சொல்றாங்க.

— வெள்ளைச்சியோட கதைக்கிறது அம்மாவுக்குப் பழக்கம்.

— ‘எடி வெள்ளைச்சி, கறிக்கு உப்புக் காணாதெண்டு உந்தப் பெட்டைக்குச் சொல்லு.’ இது பழக்கமா? அந்த ஆடும் ஒரு வார்த்தை எனக்கு வந்து சொல்றதில்லை. பிறகு நான் எப்படிங்க உப்புப் போடுறது?

— பகிடியை விடும். இண்டைக்குக் காலமை அம்மா வெள்ளைச்சிக்கு என்ன சொன்னவா? மிளகாய்க் கண்டு வாடுது, தண்ணி இறைக்கிற மிசினை வெளியில எடுக்க வேணும், இந்தக் கொட்டிலைத் தானே கூட்டப்போறன் எண்டு. தும்புத்தடியோட வந்தாவெண்டால் உந்தப் பசளைப் பையளைத்தான் முதலில இழுப்பா. இழுத்தால், பின்னால உது.

— உதுன்னு சொல்லாதீங்க. ராசாத்தின்னு சொல்லுங்க.

— எட்டுக்கால் சாமானுக்கு என்னெண்டப்பா ராசாத்தி எண்டுறது?

— உங்க மச்சான் வீட்டு நாய்க்கு டைகர்னு பேர் வைக்கலாம், எங்க புலிமுகச் சிலந்திக்கு ராசாத்தின்னு பேர் வைக்கக் கூடாதா?

— உஸ்ஸ்! முழுப் பேரையும் சத்தமாய்ச் சொல்லாதையும். ரோட்டால போறவன் முதல் ரெண்டு எழுத்தை மட்டும் கேட்டிட்டுப் போனானெண்டால், நாளைக்கு ஆரும் விசாரிக்க வந்து நிப்பினம்.

— வரட்டும். வந்து போத்தலைத் திறந்து பார்க்கட்டும். பிறகு இந்தப் பக்கமே வரமாட்டாங்க.

— உமக்கு எல்லாம் விளையாட்டு. உதைக் குளத்துக் காட்டுக்குள்ள விட்டிட்டன், கடவுளாணை விட்டிட்டன் எண்டு அம்மாவுக்கு நான் சொல்லி வைச்சிருக்கிறன். ‘அது இருக்கிற வளவில நான் இரன், புதுக்குடியிருப்புக்கு அக்கா வீட்டை போயிடுவன்’ எண்டு அம்மாவும் கடவுளாணைதான் சொன்னவா.

— இவ இல்லாத வளவுல நானும் இருக்க மாட்டேங்க. அதையும் எழுதி ஆட்டுக் கழுத்துல கட்டி விடுங்க.

— ஐயோ, நான் எங்க போறது? ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நீர், நடுவில எட்டுக் கால்.

— எங்க அப்பா காணியில பாலை மரம் சரிஞ்ச அன்னைக்கு இவ பட்டையோட விழுந்து, போக இடம் இல்லாம வெயில்ல நின்னா. எல்லாரும் மண்வெட்டியைத் தூக்கினாங்க. நான்தான் பட்டையோட அள்ளிப் போத்தல்ல விட்டேன். இந்த வீட்டுக்கு வரும்போது வேற என்னத்தைக் கொண்டு வந்தேன்? சீதனமா, நகையா? ‘தேயிலைத் தோட்டத்து ஆக்கள்’னு உங்க சனம் என் முதுகுக்குப் பின்னால சொன்ன பேரும் இவளும்தான். நீங்க வயலுக்குப் போயிட்டா நான் யாரோட பேசுறது? இவகிட்டதான் பேசுறேன். பதில் சொல்லாட்டியும் காலைத் தூக்கிக் கேப்பா.

— சரி, சரி. அழவேண்டாம். எங்கையாவது ஒளிப்பம். சாமி அறை?

— சாமி அறையா?

— அம்மா அங்க கண்ணை மூடிக்கொண்டுதான் நிப்பா.

— நல்ல ஆளுங்க நீங்க. பையை இழுங்க.

— நீர் இழும். எனக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பு வளையாது.

— பயம்னு சொல்லுங்க.

— பயமோ? எனக்கோ? கடிச்சால் கை காலெல்லாம் இழுக்குமெண்டு சனம் சொல்லுது. நாளைக்கு மிசினை ஆர் இழுக்கிறது எண்டுதான் யோசிக்கிறன்.

— தள்ளுங்க. ஆ... வந்துட்டாளே என் தங்கம். ஐயய்யோ!

— என்ன? வெளியில வந்திட்டுதோ? கதவைத் திறவும்! கதவைத் திறவும்!

— கதவு திறந்துதான் கிடக்கு. மிசின் மேல இருந்து இறங்குங்க. இவ மல்லாந்து கிடக்கிறா.

— மல்லாந்தோ? எட்டுக் காலும் மேலயோ? பொறும், பாப்பம். ஓம்... ஓமப்பா. முடிஞ்சுது. சீ, பாவம். நல்ல சீவன். ஒரு கரைச்சலும் தராத சீவன். வடிவாய் ஒரு கிடங்கு வெட்டி, மேல ஒரு செவ்வரத்தையும் நட்டு விடுறன். மண்வெட்டி எங்க?

— உங்க வாயைப் பாருங்க, காது வரைக்கும் போகுது!

— கவலையில அப்பிடித்தான் போகும்.

— மண்வெட்டியை வைங்க. இவ சாகலை. சட்டை கழட்டுறா. பாம்பு மாதிரித்தான், இவ மல்லாந்து படுத்துக் கழட்டுவா. அதுதான் நாலைஞ்சு நாளா நான் போட்ட வெட்டுக்கிளியையும் தொடலை, திரும்ப எடுத்திட்டேன்.

— அப்ப... சாகேல்லையோ?

— இன்னும் பெருசா வருவா.

— இன்னும் பெரிசாயோ! என்ரை ஐயோ.

— நில்லுங்க. இது என்ன? போத்தலுக்குள்ள கரப்பான் கிடக்கு.

— தானாய்ப் போயிருக்கும்.

— மூடியில ஊசி ஓட்டைதான் போட்டிருக்கேன். அதுக்குள்ளால கரப்பான் போகுமா? ஒரு பக்கத்துக் காலெல்லாம் முறிச்சிருக்கு பாருங்க. ஓடாம இருக்கணும்னு யாரோ முறிச்சுப் போட்டிருக்காங்க. நான் கரப்பானே போடுறதில்லை. அதுதான் என் கையால தின்னதுக்கு மேல இவ வயிறு கொழுத்துக் கிடந்ததா? என்னங்க... நீங்களா?

— ம்.

— நெசமாவா?

— கடவுளாணை. நீர் தையல் வகுப்புக்குப் போனாப் பிறகு... பாவம்தானே எண்டு ஒண்டு ரெண்டு...

— என்னங்க! பூரானைக் கண்டா கதிரையில ஏறி நிக்கிற ஆளு நீங்க. எனக்காகவா மூடியைத் திறந்தீங்க?

— ஆம்பிளை எண்டால் திறக்கத்தானே வேணும்.

— உங்களை நான் என்னென்னவோ நினைச்சிட்டேங்க. இன்னைக்கு உங்களுக்குப் பிட்டும் மீன் குழம்பும்.

— இரணைமடுக் குளத்து மீனெண்டால் நல்லது.

— ஆனா இப்ப ஒருக்கா மூடியைத் திறந்து அந்தக் கரப்பானை வெளியில எடுங்க. சட்டை கழட்டுற நேரம் இவ உடம்பு பஞ்சு மாதிரி. ஒரு கரப்பான் கடிச்சே கொன்னுடும்.

— இப்பவோ? இப்ப கை ஈரம்.

— துடைங்க.

— துடைச்சால் பேந்தும் வேர்க்கும். நீர் எடும். பெண் பிள்ளையின்ர கை மென்மை.

— சரி, குச்சியைத் தாங்க. மெதுவா... வா, வா... ஆங், வந்திடுச்சு. அந்த நெருப்புப்பெட்டியைத் தாங்க, இதைப் போட்டு மூட.

— வீட்டில நெருப்புப்பெட்டி எங்க கிடக்குது? அம்மா குச்சியெல்லாத்தையும் தகர ரின்னுக்குள்ள கொட்டிப்போட்டு வெறும் பெட்டியளை எடுத்து வைச்சிருக்கிறா. காலமை விளக்குக் கொளுத்த நான் பட்ட பாடு. கேட்டால், ‘வெள்ளைச்சி, கேள்வி கேக்கிறவைக்கு இண்டைக்குத் தேத்தண்ணி இல்லை’ எண்டுறா. மூடும், மூடும், போத்தலை மூடும். அம்மா உதுக்குள்ள அடிக்கடி வாறவா.

— எதுக்கு?

— தவிடு எடுக்க. முந்தநாள் நான் வாசலால போகேக்கை உள்ளுக்குள்ள நிண்டு கொஞ்சிக்கொண்டு நிக்கிறா. ‘ஏன் பிள்ளை சாப்பிடுறாய் இல்லை? மேலுக்கு ஏலாதோ?’ எண்டு. ஆட்டையும் உள்ள கூட்டி வந்திட்டா போல. வெள்ளைச்சி போத்தலைத் தட்டி விழுத்தினால் என்ன கதி?

— எடி வெள்ளைச்சி! கொட்டிலுக்குள்ள ஆரடி குசுகுசுக்கிறது? மிளகாய்க் கண்டு செத்துக்கொண்டு நிக்குது, புருசனும் பெண்சாதியும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுகினமோ?

— அம்மா! வந்திட்டா! போத்தலை மறையும்! சேலைக்குள்ள வையும்!

— என்னங்க, ஆட்டினா இவ செத்திடுவா. நான் எங்கையும் வைக்க மாட்டேன். இப்படியே நிக்கிறேன்.

— அம்மா... அம்மா, கோவிக்காதையுங்கோ. கடவுளாணை அண்டைக்கு நான் குளத்துக் காட்டுக்குள்ள விட்டனான். அது தானாய் வழி கேட்டுத் திரும்பி வந்திட்டுது.

— நீங்க சும்மா இருங்க. அவங்க உங்களைப் பார்க்கலை. போத்தலைத்தான் பார்க்கிறாங்க. பாருங்க, அவங்க முகம் ஏன் இப்படி வெளிறிப் போகுது?

— கோவத்தில.

— கோவம் இல்லைங்க. தும்புத்தடியை ஓங்கவே இல்லை. ஏ வெள்ளைச்சி! வெளியில நிக்கிறியா? கேட்டுக்க. உன் அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. இது சாகலை. காலெல்லாம் மேல கிடந்தாலும் சாகலை. பழைய சட்டையைக் கழட்டுது. கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் தின்னாது, போத்தலுக்குள்ள ஒண்ணும் போடவும் கூடாது. பிறகு எழும்பி உக்காரும். அப்ப நல்லாப் பசிக்கும்.

— ஆட்டுக்கு உதெல்லாம் என்னத்துக்கு, சுதர்சினி?

— சொல்லுறதைச் சொல்லி வைப்போம்.

— கிட்ட வாறா. அம்மா கிட்ட வாறா. போத்தலைப் பறிக்கப் போறா.

— பறிக்கலை. குனிஞ்சு பார்க்கிறாங்க.

— பெருமூச்சு விடுறா. இந்தா, திரும்பிட்டா. ஐயோ, போறாவப்பா! ஒரு வார்த்தை சொல்லேல்லை. வெள்ளைச்சியைத் தாண்டிப் போறா, அதுக்குக்கூட ஒண்டும் சொல்லேல்லை. எல்லாம் போச்சு. இனி உடுப்பு அடுக்கிக்கொண்டு புதுக்குடியிருப்பு பஸ்ஸுக்குத்தான்.

— பஸ்ஸுக்குப் போறவங்க தும்புத்தடியைச் சாத்தி வச்சிட்டு, போத்தல் மூடி மேல இதை வச்சிட்டுப் போவாங்களா?

— என்னது? நெருப்புப்பெட்டியோ? எரிக்கச் சொல்லிப் போட்டுப் போறாவோ!

— காதுல வச்சுப் பாருங்க.

— உள்ளுக்குள்ள என்னவோ சுரண்டுது... இஞ்சேரும், வெள்ளைச்சி விடியத் தொடக்கம் முருங்கையிலதான் கட்டிக் கிடக்குது. முந்தநாளும் அதிலதான் கிடந்தது. அப்ப அம்மா உதுக்குள்ள நிண்டு ஆரைக் கொஞ்சினவா?

— மெதுவாத் திறங்க. கடவுளாணை நீங்க போட்ட கரப்பானோட தங்கச்சி உள்ள இருக்கும், ஒரு பக்கத்துக் கால் முறிச்சு.