சமஸ்தானத்துக்குப் போற பஸ்

அன்று பஸ் ஏறினேன். சங்கரன்கோவில் ஸ்டாண்டில், முன்சீட்டில் ஓர் அக்கா மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் புருஷன்.

"ஏட்டி, எங்க கெளம்பிட்ட?"

"எங்க சமஸ்தானத்துக்கு."

"செங்கோட்டைன்னு சொல்லு. திருவாங்கூர் ராஜா போயி எம்புட்டு காலமாச்சு! இப்ப அதுவும் நம்ம ஜில்லாதான்."

"ராஜா போனா போட்டும். எங்க ஊர்ல இன்னும் அப்படித்தான் சொல்லுதோம். அங்கன தேங்காண்ணெயில தாளிச்சா எவளும் மூக்கப் பொத்த மாட்டா."

"எங்கம்மைக்கு அந்த வாடை ஆகாது. நான் என்னட்டி செய்ய?"

அவள் மூட்டையைப் பக்கத்துச் சீட்டில் ஏற்றி வைத்தாள். பஸ் நகர்ந்தது. அவர் ஓடிவந்து ஏறினார்.

"நீங்க எதுக்கு வாரிய?"

"எனக்கு அந்த வாடை இல்லாம சோறு எறங்காதுட்டி."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் மூட்டையை மடியில் தூக்கி வைத்து, தள்ளி உட்கார்ந்தாள்.