பத்து மணிக்குத் திரும்பிய சேர்வர்

மேசையில் வயர்கள் சிக்குப்பட்டுக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. துறைமுகத்தடியில் உள்ள எங்கள் படகுக் கண்காணிப்பு நிலையத்தில் முன்பு ஐந்து பழைய கணினிகள் இருந்தன. நான்தான் நல்ல மெஷின் ஒன்றை வாங்குவித்து, லினக்ஸ் போட்டு, கேவிஎம் என்ற மென்பொருள் மூலம் அதற்குள்ளேயே, தனித்தனிக் கணினிகள் போல ஓடும் ஐந்து மெய்நிகர் சேர்வர்களை உருவாக்கினேன். ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதில் எனக்குக் கோபம்தான்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்பது மூன்றாவது சேர்வரைப் பற்றி. கடலில் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால், செய்தி ரேடியோ வழியே அதற்குத்தான் வரும். அது படகில் பச்சை விளக்கை எரிய வைத்துவிட்டு, இடத்தையும் நேரத்தையும் மீட்புப் பிரிவுக்கு அனுப்பும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறாவது சேர்வர் ஒன்றுக்காக நெற்வேர்க்கை மாற்ற வேண்டியிருந்தது. எந்த வேலைக்கும் முன் ஸ்நாப்ஷொட் எடுப்பது என் பழக்கம். சேர்வரின் அந்த நேரத்து நிலையை அப்படியே சேமித்து வைப்பது அது. ஏதாவது பிழை நேர்ந்தால் அந்த நிலைக்குத் திரும்பிப் போகலாம். பத்து மணிக்கு எடுத்தேன். பிறகு சேர்வர்களுக்கு வெளியே, மெஷினின் நெற்வேர்க்கில் ஒரு வரியைப் பிழையாக எழுதிவிட்டேன். படகுகளோடு ரேடியோத் தொடர்பு வேலை செய்தது, மீட்புப் பிரிவுக்கு வெளியே போவது மட்டும் நின்றுவிட்டது.

பதினொன்று ஐம்பதுக்குத்தான் கண்டேன். சாம்பல்தீவு ஜெனிஸ்டனின் படகு பதினொன்று பத்துக்குப் பொத்தானை அழுத்தியிருந்தது. படகில் அவரும் மாமனார் இராஜநாயகமும். செய்தி நாற்பது நிமிடமாக வெளியே போகாமல் நின்றது. வரியைத் திருத்தினால் உடனே போய்விடும். ஆனால் அதில் பதினொன்று பத்து என்று நேரம் இருக்கும். அன்று பின்னேரம் பணிப்பாளர் சபை வர இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே முதலில் சேர்வரைப் பத்து மணி நிலைக்குத் திருப்பினேன். செய்தி இல்லாமல் போனது. அதன் பிறகு வரியைத் திருத்தினேன். நான் ஒருவரையும் தொடவில்லை. உண்மையான ஆபத்து என்றால் இன்னொரு முறை அழுத்துவார்கள்தானே.

மூன்றாம் நாள் ஜெனிஸ்டனின் மனைவி நிலுஷா வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அண்ணா, அவர் பொத்தானை அமத்தினவரோ? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "ஒண்டும் வரேல்ல தங்கச்சி. வந்திருந்தா இதில இருக்கும்."

"அவர் மறக்கமாட்டார் அண்ணா. நீங்கள் படிப்பிச்சதை வீட்டிலயும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

மறுநாள் படகு கவிழ்ந்தபடி கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

உள்ளே இருந்த சேர்வருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதைத் தாங்கிய வெளி மெஷின் நான் திருப்பிய நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள், கெட்டிக்காரர்தான். நானும் அங்கேதான் தேடியிருப்பேன்.

நிலுஷா சொன்ன வகுப்பு, சாம்பல்தீவு சனசமூக நிலையத்தில் நான் எடுத்தது. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: பச்சை எரிந்தால் செய்தி கிடைத்துவிட்டது, மறுபடி அழுத்தாதீர்கள், பற்றரி வீணாகும், காத்திருங்கள். ஜெனிஸ்டன் முன்வரிசையில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அன்று திரையில் அவருடைய செய்திக்குக் கீழே, பச்சை விளக்கு எரிந்தது என்று இருந்தது. அதை வாசித்த பிறகுதான் திருப்பினேன்.