சமையக்கட்டுக்கு மஞ்சள்

— மெல்ல, மெல்ல! பெயிண்டை சுவருக்கு அடி. எனக்கு அடிக்காத.

— உங்களை யாரு நேர் கீழ வந்து நிக்கச் சொன்னது? ஸ்டூலைப் பிடிங்கன்னா ஸ்டூலை மட்டும் பிடிக்கணும்.

— பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன். மூக்குல சொட்டிடுச்சு பாரு.

— ஐயோ, ஆமா... துடைக்காதீங்க, அப்படியே இருங்க. அழகா இருக்கு.

— நாளைக்கு மஞ்ச மூக்கோட பஸ்ஸு எடுக்கப் போனேன்னா, டிப்போவுல கிண்டலடிச்சே கொன்னுடுவானுங்க.

— நாலு பேரு சிரிக்கட்டுமே. நீங்களும் சேர்ந்து சிரிங்க. எப்பப் பார்த்தாலும் உர்ருன்னு...

— நானா உர்ருன்னு இருக்கேன்?

— பின்ன? மாடிப்படியில விரிசல் விட்டதுலேருந்து அப்படித்தான். அந்த இன்ஜினீயருங்க வந்து டொக்கு டொக்குன்னு தட்டிப் பார்த்துட்டுப் போனாங்களே... அன்னையிலேருந்து இந்த வீட்டுல யாரு வாய்விட்டு சிரிச்சா?

— சிரிக்கிற நிலைமையா இது? கட்டடத்தைச் சரிபண்ணுவாங்களா, இடிப்பாங்களான்னு... யாரு வாயைத் திறந்தாங்க? மேல் மாடி வாத்தியார் குடும்பத்தோட கிளம்பியாச்சு. எதிர் வீட்டு நர்ஸம்மா பெட்டி கட்டியாச்சு. நீ என்னடான்னா, நேத்து பெயிண்டு டப்பாவோட வந்து நிக்கிற!

— பிரஷ்ஷை முக்கிக் குடுங்க.

— இந்தா... வீட்டுக்காரர் பார்த்தா?

— பார்த்தா என்ன?

— என்னவா? ஆணி அடிக்கவே விடாத மனுஷன். காலண்டரையே ஃப்ரிட்ஜு மேல சாய்ச்சு வச்சிருக்கோம். நீயும் வந்த நாளா மஞ்சள் மஞ்சள்னு கேட்டு, அவரும் வெள்ளைதான் வெள்ளைதான்னு...

— அவரை விடுங்க. டீ ஆறுது. இறங்கறேன், கையைக் குடுங்க.

— பிஸ்கெட்டு எங்க?

— ஐயையோ, சுவர்ல கை வைக்காதீங்க! ஈரம்!

— சரி, சரி... கத்தாத.

— இப்படித் தரையில உக்காருங்க. பேப்பர் மேல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... ம். இப்பப் பாருங்க.

— என்னத்தைப் பாக்குறது?

— கொஞ்சம் பேசாம இருங்களேன். வெயில் ஜன்னலுக்கு வந்துடுச்சு. இதோ... சுவர்ல ஏறுது... எப்படி?

— அடேயப்பா!

— அதான்!

— லைட்டே போடல, சமையக்கட்டு இவ்வளவு வெளிச்சமா இருக்கு! உன் மூஞ்சி கூட பளபளங்குது.

— மூஞ்சி எப்பவுமே அப்படித்தான். நீங்கதான் பாக்கல.

— அது சரி...

— இதுக்குத்தாங்க ஆசைப்பட்டேன். தையல் மிஷினுக்கு முன்னாடி போய் உக்கார்றதுக்கு முந்தி, இங்க நின்னு நிதானமா ஒரு வாய் டீ. வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கிட்டே குடிச்சா, ஆஸ்பத்திரியில யாருக்கோ துணைக்கு இருக்கிற மாதிரியே...

— பார்த்து, பார்த்து! உன் பிஸ்கெட்டு...

— போச்சு! விழுந்துடுச்சு!

— எப்பவும் இதே கதைதான் உனக்கு. முக்கினா உடனே எடுக்கணும்.

— அடியில கரைஞ்சு கிடக்கிறதை ஸ்பூனால எடுத்துத் தின்னணும். அதுலதான் ருசியே. இந்தாங்க, வாயைத் திறங்க.

— சீ, எனக்கு எதுக்கு... ம். ம்ம்... நல்லாத்தான் இருக்கு.

— பாத்தீங்களா! இவ்வளவு நாள் என்னைக் கிண்டல் பண்ணீங்கல்ல?

— இன்னொரு ஸ்பூன் குடு.

— உங்க டம்ளர்ல போட்டுக்கோங்க. இது என்னோடது.

— ஏய்... ஒன்னு சொல்லணும்.

— முதல்ல அந்த மூலையை முடிச்சுடுவோம். வெயில் இருக்கும்போதே.

— இல்ல, அது வந்து... சரி, நானே ஏறுறேன். நீ உக்காரு.

— நீங்களா? ஸ்டூலுக்கு பிரேக்கு கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க.

— சும்மா இரு... என்ன, பாட்டை நிறுத்திட்ட?

— நான் எங்க பாடினேன்?

— காலையில டப்பாவைத் திறந்ததுலேருந்து பாடிக்கிட்டேதான் இருந்த. எத்தனை நாளாச்சு அதைக் கேட்டு. அதனாலதான் நான்...

— அதனாலதான்?

— ஒன்னுமில்ல.

— மனசுல எதையோ வச்சுக்கிட்டு அடிக்கிறீங்க. கோடு கோணலாப் போகுது. என்னன்னு சொல்லுங்க.

— பதறக்கூடாது.

— நீங்க ஸ்டூல் மேல நிக்கிறதைப் பார்த்தாதான் பதறுது. சொல்லுங்க.

— காலையில பால் வாங்கப் போனேன்ல... வாசல்ல வீட்டுக்காரரைப் பார்த்தேன். இடிக்கிறதுன்னு முடிவாயிடுச்சாம். மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணுமாம். எங்க போறதுன்னு எனக்கே தெரியல. உன்கிட்ட சொல்லத்தான் மேல வந்தேன். நீ பிரஷ்ஷும் கையுமா பாடிக்கிட்டு நிக்கிற... எனக்கு வாயே வரல. லீவு சொல்லிட்டு ஸ்டூலைப் பிடிச்சுட்டேன்... ஏய், என்ன சிரிக்கிற? வீடே போகுதுங்கிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிற!

— எனக்கு நேத்தே தெரியும்ங்க. கடைத்தெருவுல அவரைப் பார்த்தப்ப சொன்னாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அங்கேயே நின்னு யோசிக்கும்போதே, அவர்கிட்ட வாய் தானா கேட்டுடுச்சு, "அப்போ, சமையக்கட்டுக்கு மஞ்சள் அடிச்சுக்கலாமா?"ன்னு! மனுஷன் திருதிருன்னு முழிச்சாரு. "இடிக்கப்போற சுவரும்மா... என்ன கலர் வேணா அடிச்சுக்கோ"ன்னாரு. அவரு மனசு மாறுறதுக்குள்ள பெயிண்டு கடைக்கு ஓடிட்டேன். வீட்டை நாளையிலேருந்து சேர்ந்தே தேடுவோம். இப்ப நல்லா நிமிர்ந்து அடிங்க, உங்க தலைக்கு மேல இன்னும் வெள்ளையா இருக்கு!