சிக்ரூனின் சிப்பிகள்

கடல் தண்ணீரை வீட்டுக்குள் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் கஷ்டம், ஐயா. மற்றதெல்லாம் பழகிவிடும்.

என் மனைவி சிக்ரூன் படுத்த படுக்கையானபோது, கடலைப் பார்க்க முடியவில்லையே என்றுதான் ஏங்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தேன். கடலில் மூழ்கி விசிறிச் சிப்பி எடுப்பது என் தம்பி ஒட்வாரின் தொழில். அவனே நல்லதாக ஏழெட்டுச் சிப்பிகளைப் பார்த்துக் கொண்டுவந்து அதில் விட்டான்.

சிப்பி என்றால் கல் மாதிரிக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். இது ஓடுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு நீந்தும். ஓட்டின் விளிம்பு நெடுகக் குட்டிக் குட்டிக் கண்கள். சிக்ரூன் கையசைத்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். "நீ வெளிய போனாலும் என்னைப் பாத்துக்க ஆளிருக்கு," என்பாள்.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. ஓடு திறந்துதான் இருக்கும். உள்ளே பட்டினியில் வற்றிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதற்குச் சாப்பாடு. அந்தப் பாசியை ஜன்னலோரம் பாட்டில்களில் வளர்த்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். அவள் போன பிறகும் விட்டேன்.

அக்டோபரில் ஒருநாள் நகரத்துக்குப் போய்த் திரும்பினேன். வீடெல்லாம் வெண்ணெய் வாசம். தொட்டியில் வெறும் தண்ணீரும் மணலும்தான். ஒட்வார் அடுப்படியில் நின்றிருந்தான்.

"அண்ணி போய் ஒரு வருஷமாச்சுண்ணே. இன்னும் இதுங்களுக்கு நர்ஸ் வேலை பாத்துக்கிட்டு இருக்க. போதும். உக்காரு, சூடா சாப்பிடு."

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் மறுபடி நாலு பேரோடு பழக வேண்டும் என்றுதான் நினைத்தான். எனக்கு அது அப்போதே புரிந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

அடுத்த வாரம் அவன் கடலில் இறங்கினான். அவன் மூழ்கும்போது படகில் காத்திருப்பது எப்போதும் நான்தான். நீரோட்டம் இழுத்துக்கொண்டது என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேனே, அது பொய்யில்லை. இழுத்தது. வெளிப்பாறைகளுக்கு அந்தப் பக்கம், தூரத்தில் தலை தூக்கினான். கையை உயர்த்தினான். நானும் கையை உயர்த்தினேன். பிறகு என்ஜினைப் போட்டு வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவன் கையை இறக்கவே இல்லை. நான் சுற்றி வருகிறேன் என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து தொட்டியைக் கழுவலாம் என்று மணலைக் கிளறினேன். அடியில் ஒரு சின்னச் சிப்பி புதைந்து கிடந்தது. ஒட்வார் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. என் கை நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. காலையிலேயே பார்த்திருந்தால் அவனைக் கூட்டிவந்திருப்பாயா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை, ஐயா.

சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாரையாவது என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஜன்னலோரம் பாட்டில் இருக்கிறது, காலையும் மாலையும் கொஞ்சம் விட்டால் போதும். ஒரு உயிர் நம்மை நம்பிக் காத்துக் கிடக்கும்போது, அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது.