பேட்டரி அறையிலிருந்து வந்த பதில்

காலையில் டீ நானேதான் போட்டுக்கொள்கிறேன். பால் கொதிப்பதற்குள் பல் துலக்கிவிடுவேன். குளித்து, சட்டை மாட்டி, வில்லாபுரத்தில் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஒத்தக்கடையில் இறங்குவேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, பக்கத்தில் இருப்பவர் முறைக்கிறார். அலுவலகத்தில் கறுப்புத் திரையைத் திறந்து அந்த ஒரு வரியைத் தட்டுவேன். தமிழ்வாணி இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை.

நீங்கள் கேட்டது கதவைப் பற்றி, இன்ஸ்பெக்டர் சார். அந்த வரியைச் சொல்லாமல் கதவைச் சொல்ல முடியாது.

எங்கள் கம்பெனியில் அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு, கணினியில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புகிறோம். கீழே ஹாலில் பெண்கள் தட்டுவார்கள். மாடியில் நான். கணினிகளையும் அவற்றை இணைக்கும் வலையையும் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலாளி வெங்கடேஷ்பாபு என்னை வேலைக்கு எடுத்தபோது ஒன்றுதான் கேட்டார். "யார் தட்டுறா, யார் தூங்குறான்னு எனக்குக் கீழ எறங்காமத் தெரியணும், சிவா. முடியுமாப்பா?"

முடியும். ஒவ்வொரு கணினிக்குள்ளும் பின்னணியில் ஒரு சிறிய நிரலை ஓடவிட்டேன்; சேவை என்போம். அந்தக் கணினி எவ்வளவு வேலை செய்கிறது, விசைப்பலகை கடைசியாக எப்போது அசைந்தது என்று அது கணக்கு வைத்திருக்கும். மாடியிலிருந்து நான் ஒரு வரி தட்டினால் போதும். இந்த வலையில் இந்தச் சேவை எங்கெல்லாம் ஓடுகிறது என்ற கேள்வி எல்லா இடத்துக்கும் போகும். ஓடுகிற கணினிகள் தம் பெயரோடு பதில் சொல்லும். திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கும்; பக்கத்திலேயே, கை வேலைக்கு ஏற்ப அசையும் ஓர் எண். அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

தமிழ்வாணி என் அத்தை மகள். பி.எஸ்சி. முடித்திருந்தாள். எங்களுக்குக் கல்யாணமானதும் நான்தான் அவளை ஹாலில் சேர்த்துவிட்டேன். அவள் கணினிக்கு வாணி என்று பெயர் வைத்தேன். திரையில் அந்தப் பெயர் வந்தால் எனக்கு நிம்மதி. அதன் எண் அசையாமல் நின்றால் நிம்மதி போய்விடும். உடனே ஹால் ஃபோனுக்குப் போட்டு, "என்ன, கை நின்னுருச்சு?" என்று கேட்பேன். இதைத் தவறு என்று யாரும் சொன்னதில்லை. அவள் பக்கத்து இருக்கை செல்லத்தாய் மட்டும் கேலி செய்வாள்.

"ஏண்டி, தும்முறதுக்கு முன்னாடி மேல ஒரு வார்த்த கேட்டுக்கடி. அண்ணே ஃபோனைக் கையிலயே வச்சிருக்காரு."

வாணியும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள். "மதுரையில ஆட்டோவுக்குக்கூட மீட்டர் போட மாட்டாங்க மாமா. எனக்கு மட்டும் எதுக்கு?"

மறுநாளும் வழக்கம்போல அந்த வரியைத் தட்டினேன்.

மழை ஓய்ந்த சமயம். ஹாலுக்குப் புதுக் கணினிகள் வந்தன. பழையவற்றைப் பின்பக்கம் பேட்டரி அறையில் அடுக்கினோம். மின்சாரம் போனால் கணினிகளைத் தாங்கும் பேட்டரிகள் இருக்கும் சிறிய அறை அது. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். யுபிஎஸ்ஸைக் கவனிக்கத் தேவைப்படும் என்று ஒரு பழைய கணினியை அங்கே மேஜையில் வைத்துக் கேபிளையும் மாட்டிவிட்டேன். வாணியின் பழைய கணினிதான் அது. பிறகு அதை யாரும் போடவில்லை.

கொஞ்ச நாளில் அவளுடைய புதுக் கணினி என் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. போய்ப் பார்த்தேன். சேவையை நிறுத்தியிருந்தாள். எப்படி நிறுத்துவது என்று நான்தான் எப்போதோ அவளுக்குக் காட்டியிருக்கிறேன். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி நிறுத்தினாள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்குத் தூக்கம் குறைந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து நடப்பேன்.

அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்த வரியைத் தட்டினேன். பட்டியலின் கடைசியில் வாணி என்று வந்தது. பேட்டரி அறையில் இருக்கும் அவளுடைய பழைய கணினியின் பெயர். எண் அசைந்துகொண்டிருந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் கணினிகள் எல்லாமே ஒரே டிஸ்கிலிருந்து நகல் எடுத்தவை. சேவை எல்லாவற்றிலும் இருக்கும், கழித்துப்போட்டதிலும். மின்சாரம் கொடுத்துக் கேபிள் இருந்தால் அது பதில் சொல்லும். ஒளிந்துகொள்ள அவள் தேர்ந்தெடுத்த கணினி என்னிடம் தானாகவே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தினமும் சாப்பாட்டு வேளையில் போனாள். யாருக்கோ எழுதுகிறாள் என்று நினைத்தேன். வேறு ஊரில் வேலை தேடுகிறாள் என்றும் நினைத்தேன். கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்டால் அவள் அந்த அறைக்குப் போவதை நிறுத்தியிருப்பாள். எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிருக்கும்.

அன்று காலை மலைச்சாமி அண்ணன் மாடிக்கு வந்தார். வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன் எல்லாம் அவர்தான். நீங்கள் கைது செய்திருக்கிறவர்.

"மாப்ள, ஜெனரேட்டர் பொகைக் கொழாய் விட்டுப்போச்சு. பொகை பூராம் பேட்டரி ரூமுக்குள்ளதான் போகுது. நான் வெல்டரக் கூட்டியாரப் போறேன். நான் வார வரைக்கும் யாரும் சுவிட்சப் போட்டுறாதீக. கரண்டு போனாலும் பேட்டரி தாங்கும்."

"சரிண்ணே, போய்ட்டு வாங்க" என்றேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது தவறு. என்னிடம் சொன்னார். கதவுக்கு வெளியே பழக்கத்தில் தாழ் போட்டுவிட்டுப் போனார் என்றும் இருக்கிறது. அதுவும் தவறு. தாழ் போட்டது நான்.

சாப்பாட்டு வேளையில் பெயர் வந்ததும் கீழே இறங்கிப் பேட்டரி அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்பு. என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. சத்தம் வராமல் தாழைத் தள்ளிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அவள் தட்டட்டும், என்னைக் கூப்பிடட்டும் என்று நினைத்தேன். கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது கம்பெனி விதி. அதனால் கத்தித்தான் கூப்பிட வேண்டும். என் பெயரைச் சொல்லித்தான் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

கரண்டு போனது. இப்போதெல்லாம் தினமும் போகிறது. ஹாலில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஃபோனில், "அனுப்ப வேண்டியது நிறைய இருக்கு, பாத்துக்கப்பா" என்றார். பார்த்துக்கொண்டேன். இறங்கிப் போய் ஜெனரேட்டரைப் போட்டேன். வேலை நிற்கக் கூடாது இல்லையா?

பிறகு திரைக்கு முன்னால் நின்றேன். உட்கார முடியவில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். வாணியின் எண் வேகமாக அசைந்தது. பிறகு மெதுவாக. நடுவில் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் ஏதோ ஒரு விசையை விடாமல் அழுத்திப் பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடியது. பிறகு நின்றது. பெயர் மட்டும் பட்டியலை விட்டுப் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் பதில் சொன்னது. அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மலைச்சாமி அண்ணன் வெல்டரோடு வந்து, ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். "எந்தப் பாவிடா இதப் போட்டது?" என்று கத்தினார். அது மாடி வரை கேட்டது. நான் இறங்கிப் போனபோது அவளை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். செல்லத்தாய் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். சீட்டு விளையாட்டு. பாதி ஆட்டம் முடிந்திருந்தது. கடிதமும் இல்லை, வேலை விண்ணப்பமும் இல்லை. கணினி முழுக்கத் தேடிப் பார்த்தேன். தினமும் அவள் சீட்டுதான் விளையாடியிருக்கிறாள்.

என் அத்தை, கடைசியாக என்னப்பா சொன்னாள் என்று கேட்டு அழுதது. காலையில் டிபன் பாக்ஸை மறந்துறாதீங்க என்று சொன்னாள் என்றேன். உங்களிடமும் அதையே எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்த வேண்டும்.

ஜெனரேட்டரைப் போட்ட பிறகு நான் இன்னொரு முறை கீழே போனேன். அந்த எண்ணின் வேகம் குறையத் தொடங்கியபோது. கதவுக்கு வெளியே நின்றேன். கை தாழின் மேல்தான் இருந்தது. கதவடியில் புகை வந்தது. என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. குரல் கதவுக்குப் பக்கத்தில், கீழேயிருந்து வந்தது. என்னைக் கண்டு பயந்திருந்தால் நான் உடனே திறந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் பயப்படவில்லை. எனக்கு அது போதும் என்று பட்டது. திரும்பி மாடிக்கு வந்துவிட்டேன். அவள் சொன்னது இதுதான்:

"மாமா, நீங்களா? அப்பாடா, நீங்க வந்துட்டீங்கன்னா சரி. தாழு தானா விழுந்துருச்சு போல, தொறந்து விடுங்க."