தார் ரோட்டை விட்டு இறங்காதவர்

கஸ்தூரி: கையை விடுங்க... செவந்துபோச்சு பாருங்க.

புகழேந்தி: புல்லுல ஏன் எறங்கற? அதான் ரோடு இருக்குல்ல.

கஸ்தூரி: தார் சுடுது. செருப்பில்லாம கிரிவலம் வர்றவங்க எல்லாரும் ஓரமாத்தான் போறாங்க.

புகழேந்தி: பாம்பு இருக்கும்.

கஸ்தூரி: அடி அண்ணாமலைலருந்து பாத்துனு வர்றேன். மண்ணுல ஒரு அடி வெக்கல நீங்க. பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவருக்கு பாம்புன்னா இவ்ளோ பயமா?

புகழேந்தி: வயசாவுதில்ல...

கஸ்தூரி: சரி. முட்டி ஏன் காய்ச்சுப்போயிருக்கு?

புகழேந்தி: எந்த முட்டி?

கஸ்தூரி: எத்தினி முட்டி வெச்சிருக்கீங்க? கொழும்புல கட்டட கம்பெனி, சேஃப்டி ஆபீசர், ஏசி ரூமுன்னீங்க. அங்க முட்டி போட்டு யார்கிட்ட கெஞ்சினு இருக்கீங்க?

புகழேந்தி: உன்கிட்டதான். பதினெட்டு வருஷமா.

கஸ்தூரி: சிரிக்க வெக்காதீங்க. இதுக்குன்னே கலெக்டர் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.

புகழேந்தி: சாமி கும்பிடன்னு சொன்ன...

கஸ்தூரி: தென்றல் யாரு?

புகழேந்தி: ...போனை நோண்டினியா?

கஸ்தூரி: நீங்க குளிக்கறப்ப அடிச்சுது. 'அண்ணை இருக்கிறாரோ'ன்னு ஒரு பொம்பள குரல்.

புகழேந்தி: அண்ணைன்னுதான கேட்டா.

கஸ்தூரி: கட்டிக்கறதுக்கு முன்னாடி நானும் உங்கள அண்ணான்னுதான் கூப்பிட்டுனு இருந்தேன்.

புகழேந்தி: கூட வேல செய்யற பொண்ணு. புருஷன் இல்ல. ரெண்டு புள்ளைங்க...

கஸ்தூரி: கட்டட வேலையா?

புகழேந்தி: கொழும்பு இல்ல கஸ்தூரி. முல்லைத்தீவு பக்கம் ஒரு கிராமம்.

கஸ்தூரி: அங்க என்னா கட்டறீங்க?

புகழேந்தி: ஒண்ணும் கட்டல. சண்டை காலத்துல பொதைச்ச கண்ணிவெடியை எடுக்கறோம். முட்டி போட்டு, மண்ணை கொஞ்சம் கொஞ்சமா சொரண்டி... ஒரு நாளைக்கு ரெண்டு பாய் அகலம் நகர்ந்தா ஜாஸ்தி. பாத்து முடிச்ச எடத்துக்கு ரெண்டு பக்கமும் குச்சி நட்டிருக்கும். அதைத் தாண்டி யாரும் கால் வெக்கக் கூடாது. அதான்... நீ புல்லுல எறங்கினதும் கை தானா வந்துடுச்சு.

கஸ்தூரி: நம்ம பொண்ணு அபிநயா தலைமேல கை வெச்சு சொன்னீங்க. இனிமே வெடி பக்கமே போமாட்டேன்னு.

புகழேந்தி: சொன்னேன்.

கஸ்தூரி: மூணு வருஷம். தினம் ராத்திரி போன்ல 'ஆபீஸ் முடிஞ்சுது'ன்னு வேற சொல்வீங்க.

புகழேந்தி: அந்த நாடும் ஒரு வாக்கு குடுத்திருக்கு கஸ்தூரி. இனி கண்ணிவெடியைத் தொடமாட்டோம், பொதைச்சதை ரெண்டாயிரத்து இருபத்தெட்டுக்குள்ள எடுத்துடுவோம்னு. உலகத்துக்கு முன்னாடி கையெழுத்து போட்டு.

கஸ்தூரி: கையெழுத்து போட்டவங்க வந்து முட்டி போடறாங்களா?

புகழேந்தி: இல்ல. தென்றல் போடறா. அவ நெலத்துல அவளே இன்னும் காலெடுத்து வெக்கல. ரோட்டுலருந்து பாத்தா வீட்டு கெணறு தெரியும். போய் ஒரு கொடம் மொள்ள முடியாது.

கஸ்தூரி: நம்ம நாடு போட்டிருக்கா அந்தக் கையெழுத்தை?

புகழேந்தி: அதுல போடல. வேற ஒப்பந்தத்துல இருக்கோம். வெச்சா மேப்பு போடணும், வேலி கட்டணும், ஜனங்க மாட்டிக்கக் கூடாதுன்னு.

கஸ்தூரி: அப்ப யாரோ ஒரு நாட்டு வாக்கைக் காப்பாத்த எனக்குக் குடுத்ததை ஒடைச்சிருக்கீங்க.

புகழேந்தி: பட்டாளத்துல சேந்த புதுசுல, ராஜஸ்தான் பார்டர்ல நானும் வெச்சேன். இந்தக் கையால. மேப்பு சரியாத்தான் போட்டோம். காத்துக்கு மணல் நகர்ந்துடுச்சு. எடுக்கப் போனப்ப மேப்புல இருந்த எடத்துல அது இல்ல. கூட இருந்த அருள்ராஜுக்கு கால் போச்சு.

கஸ்தூரி: அவருக்கு லாரில அடிபட்டதுன்னீங்க...

புகழேந்தி: நம்ம கல்யாணத்துல உங்கப்பா கேட்டாரு. வேற என்னா சொல்றது?

கஸ்தூரி: இன்னும் எத்தினி பொய் பாக்கி?

புகழேந்தி: அவ்ளோதான். சத்தியமா.

கஸ்தூரி: சத்தியம் வேணாம். திரும்பப் போறீங்களா?

புகழேந்தி: வெடி எடுக்கற கம்பெனில கூப்பிட்டாதான போறதுக்கு. அடுத்த வருஷத்துக்கு மெயில் அனுப்பறேன்னாங்க. தினம் பாக்கறேன், வரல. ஆள் சேக்க நாளைக்கு கடைசி தேதி.

கஸ்தூரி: ம்...

புகழேந்தி: வேற ஆளை எடுத்துட்டாங்க போலருக்கு. உனக்கு நிம்மதிதான? ஏன் நின்னுட்ட? கால் வலிக்குதா?

கஸ்தூரி: வந்துச்சுங்க.

புகழேந்தி: என்னா வந்துச்சு?

கஸ்தூரி: மெயிலு. அபிநயா லேப்டாப்புல உங்களுது தொறந்தே கெடந்துச்சு. கண்ணிவெடின்னு அதுலயே எழுதியிருந்தாங்க. ஆபீசுல தினம் இருபது லெட்டர் அடிக்கறவ நான்... 'குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை'ன்னு உங்க பேர்ல பதில் போட்டு, வந்ததை அழிச்சிட்டேன். நீங்களா சொல்றீங்களான்னுதான் பத்து நாளா காத்துனு இருந்தேன். நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குல்ல... நடங்க, வீட்டுக்குப் போய் எழுதுங்க. போறேன்னாலும் சரி, போகலன்னாலும் சரி. அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க.