ஒரு சாண் ஒசர கேரம் மேசை

...அட, காலை அப்பிடி மடக்காதீங்க சார், முட்டி மேசைல இடிக்கும்! இடிச்சிடுச்சா? ஆங்... எல்லாருக்கும் மொதல்ல அங்கதான் இடிக்கும். குத்துக்கால் போட்டு குந்துங்க. கொஞ்சம் எட்டி... அவ்ளோ எட்டி இல்ல. ஆங், அப்பிடியே அசையாதீங்க.

எதிர் வூட்டுக்கு நேத்துதான் குடி வந்தீங்க, இன்னும் மூட்டையைக்கூட பிரிச்சிருக்க மாட்டீங்க. அதுக்குள்ள கேரம் ஆட இஸ்துகினு வந்துட்டேன். கோச்சிக்காதீங்க சார். இன்னிக்கி இந்த மேசைல ஒரே ஒரு ஆட்டமாவது முழுசா முடிச்சிக் காட்டணும். இல்லாங்காட்டி என் சம்சாரம் கமலா இதைப் பொளந்து வெந்நி அடுப்புல வெச்சிடுவா. சும்மா சொல்லல, செய்வா. அடிங்க, நீங்கதான் பர்ஸ்ட்டு.

ஆசாரி ஆதிகேசவனைத்தான் மொதல்ல கூப்டேன் சார். டிராயர் வெக்கணும், கால்ல கடைசல் புடிக்கணும்னான். கேரம் மேசைக்கு டிராயர் எதுக்குய்யா, காயிங்க படுத்துத் தூங்கறதுக்கா? நாலு காலு, மேல ஒரு பலகை, ஒரு பூ வேலைகூட வேணாம், அதுக்குத் தகுந்த கூலி சொல்லுன்னேன். அவன் ஒண்ணு சொன்னான், நான் கொறைச்சேன். அவன் எறங்கி வந்தான், நான் இன்னும் கொறைச்சேன். உளியை எடுத்துப் பையில போட்டுகினு, 'நீயே செஞ்சிக்கோ நைனா, கூலியே மிச்சம்'னுட்டுப் பூட்டான்! எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. பால் பல்லு உழறதுக்கு மின்னாடியே தறில குந்தினவன், மலைக் கோயிலுக்கு வர்ற ஜனத்தாண்ட தொண்டை கிழியக் கூவி லுங்கி வித்துக் கடை வெச்சவன்... நாலு காலு நட மாட்டேனா?

பழைய தறியைப் பிரிச்சேன். அறுத்தேன், எழைச்சேன். இந்தக் கட்டை விரலைப் பாருங்க, நகம் இன்னும் மொளைக்கல. ஆனா மேசை ஆடாம நிக்குதில்ல? ...ஆடுதா? அது தரை சரியில்ல சார்.

ஒசரம் அளந்ததுலதான்... சிரிக்கக் கூடாது. தறி போனாலும் குழி அப்பிடியேதானே இருக்குது? அதான், நெய்யறவன் காலைத் தொங்க உட்டுகினு குந்தற குழி, இப்ப நான் குந்திகினு இருக்கேனே இதேதான். அளவு எடுக்கலாம்னு நெனைச்சதுமே காலு தானா இதுல எறங்கிடுச்சி! கையை நீட்டினேன். தரையிலருந்து ஒரு சாண். ஆகா, இன்னா சொகம்! நாலு காலையும் அந்த அளவுக்கே அறுத்துட்டேன். ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் காலுக்குக் கீழ குழி இருக்குமான்னு இந்த மண்டைக்குத் தோணவே இல்ல. நாற்காலி போட்டா முதுகு ஒடியுது, சம்மணம் போட்டா முட்டி இடிக்குது. 'வர்றவங்களுக்கெல்லாம் பள்ளம் தோண்டப் போறியா?'ன்னு கேக்கறா கமலா. அதான் குழியாண்டையே மேசையைப் போட்டுட்டேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல.

நம்ம ரசூல் பாய் இருக்காரே, லாரி மெக்கானிக்கு, நாளெல்லாம் வண்டிக்கு அடில படுக்கற ஒடம்பு... அவரே இதுல ஆடிட்டு முட்டிக்குக் கட்டு போட்டுகினாரு. 'ஒரு வாட்டி நீ இந்தப் பக்கம் குந்திப் பாரு'ன்றாரு. என் வூட்டுக் குழி, நான் ஏன் ஏந்திரிக்கணும்? அத்தோட வர்றதில்ல. அவர் கூட்டாளிங்களும் வர்றதில்ல.

சார் சார், கை கோட்டைத் தாண்டிடுச்சி! ஃபைன்! ஒரு காயி வைங்க... இன்னா ஏந்திரிக்கறீங்க? காலு மரத்துப் போச்சா? ரெண்டு தட்டு தட்டுங்க, சரியாப் பூடும். ஃபைன் வேணாம், குந்துங்க. அடுத்த ஆட்டத்துக்குக் குழி உங்களுக்குத்தான்... சரி, பாதி ஆட்டத்துலயே மாத்திக்கலாம்... சார், செவப்பு காயை சும்மாவே எடுத்துக்கங்க சார்! சார்...! நொண்டிகினே இன்னா ஓட்டம் ஓடறாரு பாரேன்.

ஏய் கமலா, அங்கயே நில்லு, ஆட்டம் இன்னும் முடியல! முடிக்கணும்னுதானே சொன்னே, யார் முடிக்கணும்னு சொன்னியா? அவர் பங்கையும் நானே ஆடறேன். இதோ, அந்தப் பக்கம் வந்துட்டேன். குந்தறது ஒரு பெரிய வித்தையாம்... இதோ... குந்தி...

ஐயோ.

கமலா... கமலாம்மா... கொஞ்சம் கை குடு. மெதுவா... மெதுவாடி! சிரிக்காதே, எதிர் வூட்டுக்காரரு ஜன்னல்லருந்து பாத்துகினு இருக்காரு.